ஆறு சுவையும் திரும்பிவிட்டதாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 24 வாரங்கள் வெளிவந்து சென்ற மாதம் நிறைவுற்ற தொடர்கதையைப் பற்றியது இக்கடிதம். கதை முடிந்த நாளிலிருந்து தாங்கள் வெளியிட்டுவரும் வாசகர் கடிதங்கள் அனைத்தும் அதன் முடிவைப் பாராட்டுகின்றன. "காதல் என்றால் இதுவல்லவா" என்று ஒருவரும், "தியாகத்துக்குக் கிடைத்த பரிசு" என்று மற்றொருவரும் எழுதியிருந்தார்கள். ஒரு வாரம்கூட விடாமல் படித்தவள் நான். கடலூர் மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவளும்கூட. அந்த முடிவோடு எனக்கொரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத் தங்கள் பக்கத்தில் சற்று இடம் வேண்டுகிறேன்.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். கதை நடப்பது 1890-களில். கடலூர் தேவனாம்பட்டினத்துக் குப்பத்து மருத்துவச்சி ஒருத்தியின் பேத்தி நாயகி. அவள் உள்ளங்கையை வைத்தால் நோய் இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அறுசுவையில் ஒன்று அவள் நாக்கை விட்டு நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே ஆயுளில் ஆறு பேரைத்தான் அவளால் காப்பாற்ற முடியும். ஐந்தைக் கொடுத்து முடித்து, இனிப்பு ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கும் நிலையில், புதுச்சேரியில் வௌவால் அடைந்த மாளிகை ஒன்றில் காசநோயோடு தனித்துக் கிடக்கும் நாயகனைச் சந்திக்கிறாள். செனகல் நாட்டுக்கு நீலத்துணி ஏற்றுமதி செய்து செழித்து, பின்பு நொடித்துப்போன குடும்பத்தின் கடைசி வாரிசு அவன். இனிப்பும் போகிறது, அவன் பிழைக்கிறான், தன்னைப் பிழைக்கவைத்தது எது என்று அவனுக்குத் தெரியாது, அவளும் சொல்வதில்லை. கடைசி வாரத்தில் திருமண நாளன்று அவன் கண்ணீர் அவள் உதட்டில் பட, உப்புக் கரிக்கிறது. அந்த உப்பின் பின்னாலேயே மற்ற ஐந்து சுவைகளும் வரிசையாகத் திரும்பிவிடுகின்றன. முற்றும்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். கோதிக் கதை என்றால் இங்கிலாந்தின் மூடுபனியும் பாழடைந்த அரண்மனையும்தான் என்று நினைத்திருந்தேன். 1764-இல் அங்கே தொடங்கிய அந்த வகைக் கதைக்கு வேண்டிய இடிபாடு, சாபம், பழைய வீடு, பூட்டிய அறை எல்லாம் நம் கடற்கரையிலேயே கிடக்கின்றன என்று இந்த எழுத்தாளர் காட்டியிருக்கிறார். ஐப்பசி மழையில் சுண்ணாம்புச் சுவர் ஊறி உப்புப் பூத்து உதிர்வதை அவர் எழுதியிருந்த பக்கத்தை, கடலூர் முதுநகரில் பழைய வீட்டில் வளர்ந்த என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்; அவர் எழுந்துபோய் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இரவில் தென்பெண்ணையைக் கடந்து, ஆங்கிலேயர் எல்லையிலிருந்து பிரெஞ்சுக்காரர் எல்லைக்குச் சுங்கக் காவலர் கண்ணில் படாமல் நாயகி போகும் 11-ஆம் வாரம் இக்கதையின் உச்சம் என்பேன்.

இரண்டு பிழைகளையும் சுட்டிவிடுவது நல்லது, நூலாக வரும்போது திருத்திக்கொள்ளலாம். தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையைக் கடல் கொண்டதாகக் கதை சொல்கிறது. கடல் கொள்ளவில்லை, 1758-இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்தது. 1690-இல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. இதைவிட நல்ல சாபக் கதை கையருகே இருக்க, கடலை ஏன் இழுக்க வேண்டும்? அடுத்தது, புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகேயுள்ள திரு இருதய ஆண்டவர் பேராலயம். அதன் வண்ணக் கண்ணாடிகளின் கீழே நாயகன் காத்திருக்கும் காட்சி அழகுதான். கூர்வளைவுகளோடு கோதிக் பாணியிலேயே எழுந்த கோயில் என்பதால் ஆசிரியருக்கு ஆசை வந்திருக்கும். ஆனால் அது 1902-இல் கட்டத் தொடங்கி 1907-இல் முடிந்த கட்டடம். 1890-களில் அங்கே நிற்பதற்கு நிழல்கூட இருந்திருக்காது.

இவை சின்னவை. என் வழக்கு உப்பைப் பற்றியது.

நாயகி முதலில் காப்பாற்றுவது வாந்திபேதி கண்ட சிறுவன் ஒருவனை. அவள் முதலில் இழப்பது உப்பு. தெரிந்து எழுதினாரோ, கைபோன போக்கில் எழுதினாரோ, இது மிகப் பொருத்தமான இடம். காலரா ஒருவரைக் கொல்வது உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சில மணி நேரத்தில் வெளியே கொட்டவைத்துத்தான். குழிவிழுந்த கண், கிள்ளினால் அப்படியே நிற்கும் தோல், கெண்டைக்காலில் சுரீரென்று பிடிக்கும் தசை, எல்லாம் அந்த இழப்பின் அடையாளங்கள். 1971-இல் வங்காள எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே பெருந்திரளான உயிர்களைக் காத்தார். சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அதன் சூட்சுமம். இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். ஆகவே ஒரு சிறுவனின் உடம்புக்குள் உப்பு திரும்பிப் போவதற்காக ஒருத்தியின் நாக்கிலிருந்து உப்பு எடுக்கப்படுகிறது என்ற கற்பனையைப் படித்த அன்று, இவர் கணக்குத் தெரிந்தவர் என்று எண்ணி மகிழ்ந்தேன். அதனால்தான் கடைசி வாரத்தில் வருத்தம் கூடுதலாயிற்று.

சுவை போவதென்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியே எங்கள் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அன்றிலிருந்து எனக்கும் அந்த வார்டில்தான் டூட்டி. ஆகஸ்டில் எனக்கே தொற்று வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் தைலப் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்தேன்; வெறும் புட்டியைத் திறந்தது போலிருந்தது. மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் அணுக்களை அந்த வைரஸ் தாக்குகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு நாக்கும் சேர்ந்தே போயிற்று.

பதினைந்து நாள் தனியறை முடிந்து வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட முதல் நாள், என் கணவர் சுறாப்புட்டு செய்திருந்தார். அவருக்குச் சமையல் புதிது. சுறாவை வேகவைக்கும்போது மஞ்சளோடு உப்பும் போட்டவர், உதிர்த்து வெங்காயம் பூண்டோடு வதக்கும்போது மறந்துபோய் இன்னொரு முறை போட்டிருக்கிறார். எனக்குத்தான் முதலில் பரிமாறினார். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். நான் இரண்டாம் முறை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது, என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே எழுந்து குழாயடிக்கு ஓடினாள். என் கணவர் அவள் போன திசையைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏற்கெனவே பயந்து கிடப்பவர்களை மேலும் பயமுறுத்துவானேன் என்ற எண்ணம். நாயகியும் 13 வாரங்களாக இதே எண்ணத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதால், அவள்மீது எனக்குக் கோபமில்லை. என் கோபம், அந்த மௌனத்தைக் குத்துவிளக்குப் போல ஏற்றிவைத்து நம்மையெல்லாம் கும்பிடச் சொன்ன எழுத்தாளர்மீது.

எங்கள் வீட்டில் என் மௌனம் ஒரே ஒரு சுறாப்புட்டோடு உடைந்தது. அன்று இரவிலிருந்து என் கணவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் அவர் வாங்கிக்கொண்டு, எனக்குச் சொல்வார்: புளி கொஞ்சம் தூக்கல், கறிவேப்பிலை மணம் நன்றாக இறங்கியிருக்கிறது, மோர் நேற்றையது, வேண்டாம். வீட்டில் பால் தீய்ந்தாலும் கேஸ் கசிந்தாலும் எனக்குத் தெரியாது என்பதால், அடுப்படிக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவார். அடுத்த சித்திரையில் பண்ருட்டிப் பலாப்பழம் வந்தது. எனக்கு அப்போதும் அது நனைத்த பஞ்சுதான். அதன் மணத்தை எனக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் முயன்றார். தேன் என்றார், தாழம்பூ என்றார், இல்லை இல்லை என்றார், கடைசியில் "பலாப்பழம் மாதிரி இருக்கு" என்று கைவிட்டார்.

சுவை திரும்பிய விதத்தையும் எழுத்தாளர் அறிய வேண்டும். உப்பும் புளிப்பும் ஆறேழு வாரத்தில் மங்கலாகத் தலைகாட்டின. காரத்தின் எரிச்சல் இடையிலும் தெரிந்துகொண்டேதான் இருந்தது. நவீன மருத்துவக் கணக்கில் கார்ப்பு சுவையே அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை என்பார்கள். ஆகவே கார்ப்பை இழந்த நாயகி பச்சை மிளகாயைக் கடித்துத் தின்றும் கண்ணில் நீர் வராமல் உட்கார்ந்திருப்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் சித்த மருத்துவம் ஆறையும் ஐம்பூதச் சேர்க்கையாக ஒரே வரிசையில் வைக்கிறது, கதை அந்த வழியில் போகிறது என்று விட்டுவிடலாம். மணம் திரும்ப எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, அதுவும் ஒழுங்காகத் திரும்பவில்லை. காப்பி, டயர் எரித்த வாடையோடு வந்தது. மல்லிகையில் சோப்பு மணந்தது. போன பொருளுக்குப் பதிலாக வேறு எதையோ கொண்டுவந்து வைத்த மாதிரி. இதை ஒரு கண்ணீர்த் துளியில் சரிசெய்துவிடுகிறார் கதாசிரியர்.

கொடுத்ததெல்லாம் முழுசாகத் திரும்பி வந்துவிடும் என்றால் அவள் கொடுத்தது அடகுதான். வட்டியில்லாமல் மீட்டுக்கொண்டாள், அவ்வளவே. 23 வாரங்கள் நாம் பதறியது எதற்காக? அந்தச் சிறுவனுக்காக அவள் விட்ட உப்பு, தீக்காயம் பட்ட பெண்ணுக்காக விட்ட கார்ப்பு, பேறுகால ஜன்னி கண்டவளுக்காக விட்ட புளிப்பு, எல்லாவற்றையும் ஆசிரியர் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார். அதைவிட எனக்கு உறுத்துவது, நாயகன் கடைசி வரை ஒன்றுமறியாதவனாகவே இருந்துவிடுவது. தன் நெஞ்சுக்குள் போய்வரும் மூச்சுக்கு என்ன விலை, யார் கொடுத்தது என்று அறியாமலே ஒருவன் ஒருத்திக்குத் தாலி கட்டுகிறான். வௌவாலும் பூட்டிய அறையும் எனக்குப் பயம் தரவில்லை. அந்த மணவறைதான் தந்தது.

எங்கள் கடலூர் வழியே ஓடும் கெடிலம் ஆற்றின் கரையில் பழைய கதை ஒன்று இருக்கிறது. திருவதிகைத் திலகவதியாருக்கும் படைத்தலைவர் கலிப்பகையாருக்கும் மணம் பேசி முடித்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். இங்கே தந்தை இறந்தார், தாய் உடன் மாய்ந்தார், அங்கே அவரும் போர்க்களத்தில் விழுந்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் காலில் விழுந்து தம்பி அழுதான், நீயும் போனால் நான் உனக்கு முன்னே போவேன் என்று. தம்பிக்காக அவர் உயிரைத் தாங்கினார். அந்தத் தம்பிதான் பின்னாளில் பாடலிபுத்திரத்தில், அதாவது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில், சமண சமயத் தலைவராகி, சூலை நோய் குடலைப் புரட்டியபோது யாராலும் தீர்க்க முடியாமல் இரவோடிரவாகத் தமக்கையிடம் வந்து விழுந்த திருநாவுக்கரசர். திருநீறு தந்து கோயிலுக்குள் அழைத்துப்போனது அவர். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று பாடியது இவர். நோயைத் தீர்த்தது இறைவன் என்கிறது புராணம். ஆனால் அந்தத் தம்பி நோய்ப்படும் வயது வரை இருந்ததற்கே ஓர் இளம்பெண்ணின் வாழ்வு செலவாகியிருக்கிறது, அதைச் சேக்கிழார் மறைக்கவில்லை, தம்பிக்கும் அது தெரியும். கலிப்பகையார் கடைசியில் உயிரோடு திரும்பி வந்துவிட்டார் என்று அவர் எழுதவும் இல்லை. மகாபாரதத்தில் யயாதி தன் முதுமையை வாங்கிக்கொள்ளும்படி மகன்களிடம் வாய்விட்டுக் கேட்கிறான். மறுத்தவர்களும் உண்டு, பூரு ஒருவன் சம்மதித்தான். அங்கே கேட்டவனுக்கும் தெரியும், கொடுத்தவனுக்கும் தெரியும்.

நம் காலத்துச் சட்டமும் இதையே கேட்கிறது. சிறுநீரகம் மாற்ற வருபவர்களுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எடுப்பதால் என்ன நேரலாம் என்பதைத் தருபவருக்கும், பொருத்துவதால் என்ன நேரலாம் என்பதைப் பெறுபவருக்கும் டாக்டர் விளக்கிய பிறகே கத்தியைத் தொட முடியும். அப்படியும் நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். எங்கள் உறவில் ஒரு பெண் தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். ஊர் முழுக்க அவளைத் தெய்வம் என்றது. வயல் வேலைக்குத் திரும்பிப் போகும் முன் அவளுக்கு எத்தனை மாதம் ஓய்வு வேண்டும் என்று அவளைத் தெய்வம் என்றவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் அவள் கணவர் ஒருவர்தான். அவருக்குத்தான் கணக்கு தெரிந்திருந்தது. "தியாகத்துக்குக் கிடைத்த பரிசு" என்று எழுதிய வாசகரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பரிசு கிடைக்கும் என்று காட்டிக் காட்டியே நாம் பெண் பிள்ளைகளிடம் எதையெதையோ வாங்கியிருக்கிறோம்.

இத்தொடர் நூலாக வரவிருப்பதாகத் தங்கள் அறிவிப்பில் பார்த்தேன். எழுத்தாளர் தயவுசெய்து கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். சோக முடிவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் சேர்ந்து வாழட்டும், பிள்ளைகுட்டி பெறட்டும். கண்ணீர்த் துளியை மட்டும் எடுத்துவிட்டு, 19-ஆம் வாரத்தில் அவர்கள் இருவரும் மீன் குழம்போடு உட்காரும் காட்சிக்குத் திரும்பிப் போகட்டும். அவள் வழக்கம்போல் நன்றாயிருக்கிறது என்று சொல்லும்போது, அவன் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, குழம்பில் உப்பே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகு அவன் என்ன கேட்கிறான், அவள் எந்த வரிசையில் சொல்கிறாள் என்பதை எழுத அவருக்குத் தெரியாதா என்ன? அந்த மாளிகைச் சமையலறையின் கரிபிடித்த விட்டத்தையே ஒரு பக்கம் எழுதியவர் அவர்.

இப்போதும் காலைக் காப்பி எனக்குச் சரிவர மணப்பதில்லை. என் கணவர் முதல் வாய் குடித்துவிட்டு, இன்றைக்குத் தூள் கொஞ்சம் கூடிவிட்டது என்று டம்ளரை என் பக்கம் நகர்த்துவார். ஞாயிறு இணைப்பைத் தொடர்ந்து படிப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.